மலை ஏறினால் கப்பல்

எனக்கு வயது அறுபத்து நான்கு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஏழில் ஒன்றைக்கூட வைத்தியன் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. சளிக்குத் துளசி, மாந்தத்துக்கு வசம்பு, அதற்கும் அடங்காவிட்டால் மாரியம்மன். அப்படி இருந்தவள், மலாயாவுக்கு வந்த இடத்தில், பத்தே நாளில் மலாய்க்காரி கையாலும் சீனர் கையாலும் பூமிக்குள்ளிருந்து கொதித்து வந்த தண்ணீராலும் வைத்தியம் பார்த்துக்கொண்டேன். வாயில் வைக்கமாட்டேன் என்று நினைத்ததையெல்லாம் தின்றேன். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. பெயரைப் போடுவேன், பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பேன். ஆகவே இதில் தேதி இருக்காது. நாள் இருக்கும்.

மகன் கதிர்வேலு பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறான். ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில் அவனுக்கு வேலை. மருமகள் சரசு மரம் சீவிப் பால் எடுக்கிறாள். பேத்தி ராணி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது.

இருக்க முடியவில்லை. காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று அரசாங்கம் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு வைத்திருக்கிறது. விடிந்தால் கேட்டு திறக்கும், பொழுது சாய்ந்தால் மூடும். முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் வயலுக்கு ஒரு நடை, மாலையில் கிணற்றுக்கு ஒரு நடை என்று கால் ஓயாமல் இருந்தவள் நான். இங்கே கம்பி ஓரமாகப் போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். காவலுக்கு நின்ற மலாய் போலீஸ்காரர் முதல் வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாம் வாரம், நான் திரும்பும் இடத்தில் கிடந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

ஊருக்கு அனுப்பு என்று கதிர்வேலுவைக் கேட்டேன். அவன் என் முழங்காலைக் காட்டினான். அந்தக் கதை கொஞ்சம் மானக்கேடு. வந்த அன்றைக்குக் கப்பல் ஏணியில் கால் மடங்கிவிட்டது. இரண்டு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி இறக்கினார்கள். அன்றிலிருந்து வலது முழங்கால் வீங்கியபடிதான், கையில் குச்சிதான்.

"இந்தக் காலோட மறுபடியும் கப்பல் ஏணி ஏறுவியாம்மா?"

"ஏறுவேன்."

"கோலசிலாங்கூர் மலை இருக்குல்ல, வெளக்குக் கூண்டு இருக்குற மலை? குச்சி இல்லாம அது உச்சி வரைக்கும் ஏறிக் காட்டு. ஏறிட்டின்னா வர்ற கப்பல்லயே அனுப்புறேன்."

"பேச்சு மாறமாட்டியே?"

"ஒம் மவன்மா நானு."

கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே அவன் பத்து நாள் லீவு என்று வந்து நின்றான். எனக்காகப் போட்டிருக்கிறான் என்று பெருமையாக இருந்தது. குச்சியை அடுப்படிக் கூரையில் செருகி வைத்தேன்.

முதல் நாள் தோட்டத்து டிரஸ்ஸரிடம் போனேன். தோட்டத்தில் அவர்தான் டாக்டர், அவர்தான் கம்பவுண்டர். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வயசாயிருச்சில்ல பாட்டி, ஒரு எடத்துல உக்காருங்க" என்று வெள்ளை மாத்திரை ஆறு கொடுத்தார். "உக்காந்து உக்காந்துதான் ஐயா இப்படி ஆச்சு" என்றேன். மாத்திரையை அவர் கண் முன்னால் வாங்கி, அவர் கண் மறைந்ததும் கோழிக்குப் போட்டேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லதும் ஆகவில்லை.

இரண்டாம் நாள் விடிகாலையில் கிளம்பினோம். கோலசிலாங்கூருக்குப் போகிற வழியில் ஆற்றோரமாக கம்பம் என்று சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தில் எலும்பு நீவிவிடும் அம்மாள் இருக்கிறாள் என்று சரசு விசாரித்து வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளியூர் கிளம்பினால் கட்டுச்சோறு இல்லாமல் படி இறங்கமாட்டோம். பிள்ளையை வெறுங்கையோடு வெளியே கூட்டிப்போவது எனக்கு வராது. ஆகவே சரசு எழுமுன் எழுந்து, புளிச்சோறு கிளறி, வாழையிலையில் வைத்து, துணியில் முடிந்து, மடியில் செருகிக்கொண்டேன். சோறு வெளியே போகக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். அது மரம் சீவப் போகிறவர்களுக்குச் சொன்னது, மகனோடு ஊருக்குப் போகிற தாய்க்கு என்ன என்று நினைத்துவிட்டேன்.

கேட்டில் ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சாக்குத் தட்டி மறைத்த ஓர் இடம் உண்டு. அங்கே சோதனை போடுவதற்கென்றே வேலைக்கு வைத்திருந்த பெண் அந்தோணியம்மாள். கழுத்தில் ஜெபமாலை, நாற்பது வயது, கை மட்டும் குயவன் கை மாதிரி பதமாக இருக்கும். கொண்டையில் தொடங்கிக் கணுக்கால் வரை ஒரே ஓட்டமாக வரும் கை, அன்று என் இடுப்பில் வந்து நின்றது.

"ஆயா, இது என்னாது?"

"கட்டுச்சோறு."

"யாருக்கு?"

"எனக்கும் எம் மவனுக்கும். வேற யாருக்கு?"

"மெதுவாப் பேசுங்க. இது வெளிய போச்சுன்னா ஒங்க மவன லோரில ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. எப்ப விடுவாங்கன்னு சாமிக்குத்தான் தெரியும்."

மடியிலிருந்து முடிச்சை உருவினேன். "அப்ப தூக்கிக் கீழ போட்டுரு தாயி."

"கீழ கெடந்தா அதுக்கும் கேள்வி வரும்லா. சாப்பிடுங்க."

"எல்லாத்தயுமா?"

"வவுத்துக்குள்ள போனத யாரும் தேடமாட்டாங்க. ம், சீக்கிரம்."

நின்றபடியே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். விக்கியது. வெளியே வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். "என்னாடி உள்ள கல்யாணமா நடக்குது? வெயில் வந்தா பால் எறங்காதுலா!" அந்தோணியம்மாள், "கொண்டையில ஊசி ஆப்புட்டுக்கிச்சு, இருங்கடி" என்று பதில் கொடுத்துக்கொண்டே தானும் நாலு வாய் வாங்கிக்கொண்டாள். வெறும் இலையைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலு" என்றாள். பிறகு சோதனையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கை என் முழங்காலுக்கு வந்தது. "யம்மாடி, பூசணிக்கா!" என்றாள்.

பஸ்ஸில் கதிர்வேலுவிடம் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "நீ மலை ஏறு. என்னய லோரி ஏத்திராத" என்றான்.

அந்த மலாய் அம்மாளை எல்லோரும் மக்சீக் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். வீடு தூண் மேல் நின்றது. ஏழு மரப்படி. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வெற்றிலைப் பையை எடுத்தோம். அவள் பாக்கு என் பாக்கைவிடத் துவர்ப்பு. என் சுண்ணாம்பு அவளுக்குப் பிடித்துப்போனது.

தேங்காயெண்ணெயில் இஞ்சியைக் காய்ச்சி முழங்காலில் ஊற்றி, கட்டைவிரலால் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் பிளந்தாள் பாருங்கள், ஐந்து பிரசவத்திலும் போடாத சத்தம் போட்டேன். பிறகு ஆற்றுக்கல்லை அடுப்பில் சுட்டு, இலையில் சுற்றித் துணியில் கட்டி ஒற்றடம். அந்த இலையைக் கசக்கி மோந்தேன்: நம் நுணா இலை! கடல் கடந்து வந்து நுணா இலை ஒற்றடம் போட்டுக்கொள்கிறேன். மக்சீக் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கதிர்வேலு தமிழில் சொன்னான்: "ஒங்கம்மா எருமை மாதிரி பலமானவ. எருமை மாதிரியே ஒதைக்கிறா."

நீவல் தொடர்ந்து மூன்று நாள் செய்யவேண்டும், ஒரு நாள் விட்டாலும் பலிக்காது என்றாள். மூன்று நாளும் மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. சோற்றோடு ஒரு கட்டுப் பச்சை இலை. ஆட்டுக்கு வைப்பதுபோல வைத்தாள். தின்று பார்த்தால் ஒன்று வல்லாரை. மற்றொன்று பெத்தாய் என்ற பச்சைக் கொட்டை. தின்றபின் மனிதர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரவேண்டும். தொட்டுக்கொள்ள இறால் புளிக்கவைத்து அரைத்த பெலாச்சான். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டேன், மூன்றாம் நாள் கேட்டு வாங்கினேன். பத்தியமும் உண்டு: வெள்ளரி கூடாது, பூசணி கூடாது, இளநீர் கூடாது. குளிர்ச்சி என்றாள். நம் ஊர் மருத்துவச்சி சொல்வதும் அதேதான், அதனால் வாதம் செய்யவில்லை.

எனக்கு நீவல் நடக்கும்போதெல்லாம் கதிர்வேலு தூணில் சாய்ந்து தூங்கினான். அலைச்சல், பாவம் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போதும் என் காலுக்காக மெதுவாக நடந்தான். மரத்தைக் கண்ட இடமெல்லாம் பிடித்துக்கொண்டு நின்று எனக்காகக் காத்திருந்தான்.

அந்தோணியம்மாள் கை தினமும் என் முழங்காலுக்கு வந்ததும் ஒரு கணம் நிற்கும். மூன்றாம் நாள் "தேங்கா" என்றாள். நான்காம் நாள் "கத்திரிக்கா, பெரிய கத்திரிக்கா". டிரஸ்ஸர் தொடாத காலை, சோறு தேடுகிற கை தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் விடியவிடிய நான் காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஐந்தாம் நாள் செகிஞ்சானுக்குப் போனோம். அங்கே ஒரு சீன வைத்தியர் கெட்ட நீரை உறிஞ்சி எடுப்பார் என்று கேள்வி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்குக் கால் ஓடவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை நெல். ரப்பர் மரத்தையே பார்த்துப் பார்த்து எட்டு மாதம் ஆனவளுக்கு அது போதும். வரப்பில் இறங்கி ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தேன். மணி நம்முடையதைவிடக் கொஞ்சம் நீளம். வயலில் நின்ற சீனப் பெண் என்னைப் பார்த்துக் கத்தினாள். திருடுகிறேன் என்று நினைத்தாளாக்கும். நான் கதிரை விட்டுவிட்டு, குனிந்து ஒரு களையைப் பிடுங்கி அவளிடம் நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் களை எங்கள் ஊரிலும் உண்டு.

வைத்தியர் கடையில் ஆயிரம் சின்ன இழுப்பறைகள். முதலில் ஒரு கிண்ணம் கறுப்புக் கஷாயம். நிலவேம்பு குடித்து வளர்ந்தவளிடம் கசப்பைக் காட்ட முடியுமா? ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்தேன். கடையில் இருந்த சீனர்கள் கைதட்டினார்கள். பிறகு நாடி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு இடது கை பார்ப்பார்கள். இவர் இரண்டு கையையும் கேட்டார். பார்த்து முடித்துவிட்டு, சும்மா பக்கத்தில் நின்ற கதிர்வேலுவின் கையையும் பிடித்தார். என் கையைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். கதிர்வேலு சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டான்.

"என்னடா சொல்றாரு?"

"ஒனக்கு நெஞ்சு நல்ல பலமாம்."

"அதுக்கு ஒங் கையப் புடிச்சிக்கிட்டா சொல்லுவாரு?"

"சீன வைத்தியம் அப்படித்தாம்மா."

நெஞ்சு பலம் என்று கேட்ட சந்தோஷத்தில் மற்றதை விட்டுவிட்டேன். கண்ணாடிக் குவளைக்குள் நெருப்பைக் காட்டிச் சட்டென்று என் தொடையிலும் முழங்காலைச் சுற்றியும் கவிழ்த்தார். சதை உள்ளே பொங்கிக்கொண்டு போனது. எடுத்தபோது ஊதா ஊதாவாக வட்டங்கள். கடைசியில் விரால் மீன் போட்ட கஞ்சி கொடுத்தார்கள். புண் ஆறும், சதை பிடிக்கும் என்றார்கள். விரால் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. காரமில்லாமல் தின்றதுதான் புதிது.

மறுநாள் காலையில் தட்டிக்குள் அந்தோணியம்மாள் சேலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆயா, யாரு இது, இம்புட்டு முத்தம் குடுத்தது?" என்றாள்.

"செகிஞ்சான்காரரு."

"ஆளு எப்படி?"

"பல்லு இல்ல."

வரிசை முழுதும் சிரித்தது. மரம் சீவப் போகிற பெண்கள் நடுப்பகல் வரை வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலை செய்யவேண்டியவர்கள்; சீனி போட்ட தேத்தண்ணிகூட வெளியே கொண்டுபோக முடியாது. அவர்கள் அப்படிச் சிரித்தது எனக்கு நிறைவாக இருந்தது. முழங்கால் அன்று "எலுமிச்சங்கா, நாரத்தங்காய்க்குத் தம்பி".

ஏழாம் நாள் ஞாயிறு. அந்தோணியம்மாளுக்கு ஓய்வு, திங்களுக்கும் லீவு சொல்லிவிட்டாள். ராசா என்ற ஊரைத் தாண்டிக் காட்டோரமாக வெந்நீர் ஊற்று இருக்கிறது, வாதத்துக்கு அதைப்போல எதுவும் இல்லை, வழியில் செரண்டாவில் தன் அக்காள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று அவளே எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். நடுவழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தது. எங்களைச் சோதித்த பெண் புதியவள். அந்தோணியம்மாளைச் சும்மா இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறும்வரை இவளுக்கு மனம் ஆறவில்லை. "கொண்டையப் பாத்தாளா? பாக்கல. மடியப் பாத்தாளா? பாக்கல. இதுக்கு ஒரு சம்பளம்!"

ராசாவுக்கு ஒரு மைல் இருக்கையில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்து, "நடங்க. இங்க நிக்க வேணாம்" என்றார். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், அதற்குப் பின்னால் காடு. இருபது பேர் கூட்டமாக நடந்தோம். நான்தான் முதல் ஆள். குச்சி இல்லை, யார் தோளும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கதிர்வேலு எல்லோருக்கும் கடைசியில் வந்தான். பெண்பிள்ளைகளுக்குப் பின்காவலாக வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தோணியம்மாள் அவன் பக்கத்திலேயே வந்தாள்.

"ஆயா, கொஞ்சம் மெதுவா நடங்க!"

"ஏன், என்னால முடியுது!"

"ஒங்களால முடியுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெந்நீர் ஊற்று ஓடைக்கரையில் ஒரு குட்டை. கெட்டுப்போன முட்டை நாற்றம். கரையில் ஒரு சீனக் கிழவர் தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் முட்டை கொண்டுவந்து இதில் அவித்துத் தின்போம், இப்போது ஒரு முட்டையைக்கூட எடுத்துவர முடியாது என்று அவர் சொன்னதாக அந்தோணியம்மாள் சொன்னாள். காலை உள்ளே விட்டேன். வலி முதலில் இரண்டு மடங்காகி, பிறகு கரைந்து போனது. எழுந்து நின்று ஒரு காலில் நின்று காட்டினேன். கிழவர் கட்டைவிரலைத் தூக்கினார். கதிர்வேலு மரத்தடியிலிருந்து பார்த்துச் சிரித்தான். எழுந்து வரவில்லை.

பத்தாம் நாள் மலை.

கோலசிலாங்கூர் மலை பெரிய மலை இல்லை. நம் திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. குட்டிகள் மட்டும் மஞ்சள்பூசிக் குளித்த மாதிரி பொன்னிறம். அடிவாரத்தில் கதிர்வேலு, "நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன், விழுந்தா புடிச்சிக்கிறேன்" என்றான்.

விழவில்லை. முதல் வளைவில் மக்சீக்கின் கட்டைவிரல் பட்ட இடம் சுருக்கென்றது. அப்புறம் வலி இருந்தது, ஆனால் நான் சொன்னதைக் கேட்டது. நிற்கக் கூடாது என்று வைராக்கியம். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று திரும்பவே இல்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. கடைசி ஏற்றத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உச்சியில் கப்பலுக்கு வழி காட்டும் வெள்ளை வெளக்குக் கூண்டு, பழைய பீரங்கிகள். கீழே ஆறு கடலில் கலக்கிற இடம். அதற்கப்பால் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர்மேல்தான் போகப்போகிறேன்.

"கதிர்வேலு! பாருடா!"

பின்னால் யாரும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். இரண்டாம் வளைவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. இறங்கினேன். ஏறியதைவிட இறங்கியதுதான் வலித்தது. கிட்டே போனபோது அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. ஓட்டைத் துருத்தி மாதிரி. உதடு வெளுத்திருந்தது. அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை நின்றேன்.

"எத்தன நாளா இது?"

"நீ வர்றதுக்கு முன்ன இருந்து."

"சரசுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தோணியம்மாளுக்கு?"

தெரியும் என்று தலையை ஆட்டினான்.

"அந்தச் சீன வைத்தியருக்கு?"

"அவரு கையப் புடிச்சதுமே சொல்லிட்டாரும்மா."

"லீவு?"

"டிரஸ்ஸர் குடுத்தது. புகைக்குள்ள நிக்காதன்னாரு. நின்னாத்தான வேல. வேல இருந்தாத்தான இந்த லயத்து வூடு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி. அடுத்த அறையில் அவன் இருமுவதை எட்டு மாதமாகக் கேட்டிருக்கிறேன். இந்த ரப்பர் நாற்றம் யாருக்குத்தான் இருமல் தராது என்று திரும்பிப் படுத்திருக்கிறேன். பத்து நாளாக என் ஒரு முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். பக்கத்தில் வந்தவனைப் பார்க்கவில்லை.

"பின்ன எதுக்குடா என்னய இந்த மலைய ஏறச் சொன்ன?"

அவன் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ ஏறமாட்டேன்னு நெனச்சேன்."

அவனே எழுந்தான், மரத்தைப் பிடித்துக்கொண்டு.

"ஏறிட்டியேம்மா. பேச்சு மாறமாட்டேன். நாளைக்கே கப்பலுக்குச் சொல்லிடுறேன்."

"நீ ஏறு. அப்புறம் சொல்லு" என்றேன்.

மறுநாள் அவனைக் கையைப் பிடித்து டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனேன். இந்தத் தடவை அவர் கொடுத்த மருந்தைக் கோழிக்குப் போடவில்லை. புகையை விட்டு வெளியே வந்தால்தான் நெஞ்சு தேறும், காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும் என்றார். அங்கிருந்து நேராகத் தோட்டத்து ஆபீஸ். கணக்கு எழுதுகிற கிராணியார்தான் யார் எங்கே வேலை செய்வது என்று துரைக்குச் சொல்கிறவர். இவனைப் புகைக்கொட்டகையிலிருந்து மாற்றி ரப்பர்க் கன்று வளர்க்கிற நாற்றுமேடைக்குப் போடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் பொம்பளைங்க வேலை பாட்டி, ஆள் நெறைஞ்சிருச்சு" என்றார். சரி என்று அவர் வாசற்படியில் உட்கார்ந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை, அவருக்கு இருந்தது. உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் நாற்றுமேடையில் ஓர் ஆள் குறைவது தெரியவந்தது.

கப்பல் போய்விட்டது. போன அன்று காலையில் கம்பி ஓரம் நடந்தேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. இருக்கப்பிடிக்காத இடத்தில் நானாக இருக்கிறேன் என்பது, பிடித்து வைத்தால் இருப்பதைவிடக் கஷ்டம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கதிர்வேலுவை மலைக்குக் கூட்டிப்போகிறேன். அதற்கு முன் மக்சீக்கிடம் நிறுத்தி, நெஞ்சில் இஞ்சி எண்ணெய். செகிஞ்சான்காரர் கொடுத்த கறுப்புக் கஷாயத்தைக் குடிக்கும்போது அவன் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளிக்கிறான். முதல் ஞாயிறு முதல் வளைவோடு நின்றான். அடுத்ததும் அங்கேதான். போன வாரம் இரண்டாம் வளைவைத் தாண்டி, பீரங்கி கண்ணில் படும் இடம் வரை வந்தான். நான் மேலே நின்று, "என்னடா, அறுபத்து நாலு வயசுக் கெழவி நிக்கிறேன்" என்று வம்புக்கு இழுத்தேன். "எறங்கி வாம்மா, மானம் போவுது" என்றான். பேச மூச்சு இருந்தது. முன்பு அது இருக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு இன்னொரு கப்பல் இருக்கிறதாம்.

இதுவரை சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த ராணி பென்சிலை நிறுத்திவிட்டாள்.

"அப்பா மேல வரைக்கும் ஏறிட்டாங்கன்னா நீ போயிருவியா அப்பாயி?"

அதையெல்லாம் எழுதாதே என்றேன்.

"எழுதிட்டேன்."

சரி, இருக்கட்டும். அதற்குக் கீழே பதிலுக்கு ஒரு வரி இடம் விடு. விட்டாயா? இப்போது முதலிலிருந்து படி, கேட்கிறேன்.